ரெட்ஃபீல்ட்ஸ் மாடியில் ஆறு வாரம்: ஏ.எஃப்.எம்.சி. நேர்முகத் தேர்வுப் பயிற்சி பற்றி ஒரு தாயின் மதிப்புரை

மருத்துவம் படிக்க நேர்முகத் தேர்வு எதற்கு என்று எங்கள் ஊரில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. நீட் மதிப்பெண், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, ஒதுக்கீட்டு ஆணை என்ற வரிசையைத்தான் சோமனூரிலும் கருமத்தம்பட்டியிலும் எல்லாரும் அறிவார்கள். ஆனால் புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, அதாவது ஏ.எஃப்.எம்.சி., நீட் மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்வதில்லை. நீட் எழுதியவர்கள் எம்.சி.சி. எனப்படும் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் இணையதளத்தில் பதிவு செய்து, அந்தக் கல்லூரியையும் தம் விருப்பமாகக் குறிக்க வேண்டும். அவ்வாறு குறித்தவர்களில் முன்னிலையில் உள்ளவர்களைப் புனேக்கு அழைத்து, ஆங்கிலமும் தர்க்கமும் கலந்த ஒரு கணினித் தேர்வு, ஓர் உளவியல் தேர்வு, 50 மதிப்பெண்ணுக்கான நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை நடத்திய பிறகே சேர்த்துக்கொள்கிறார்கள். இந்திய மாணவர்களுக்கான இடங்கள் 145. அவற்றில் பெண்களுக்கு 30 மட்டுமே. என் மகள் அந்த முப்பதில் ஒன்றுக்காகச் சென்ற ஆண்டு முயன்றாள். அதற்காக அவள் ஆறு வாரம் சென்றுவந்த ஒரு பயிற்சியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பயிற்சி அளிப்பவர் இராணுவ மருத்துவப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு மருத்துவர். கோவை ரெட்ஃபீல்ட்ஸில், விமானப்படை நிர்வாகக் கல்லூரியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் உள்ள தம் வீட்டு மாடியில் இதை நடத்துகிறார். பெயர்ப்பலகையும் இல்லை, விளம்பரமும் இல்லை. தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்கிறார், ஆகவே நானும் எழுதவில்லை. படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ரெட்ஃபீல்ட்ஸிலும் சூலூரிலும் பலர் வசிக்கிறார்கள். அவர்களிடம் விசாரித்துத்தான் எங்களுக்கும் வழி தெரிந்தது. சனி, ஞாயிறு பிற்பகல்களில் மூன்று மணி நேரம் வகுப்பு. ஒரு பிரிவுக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அப்போது கட்டணம் 9,000 ரூபாய். புனேயிலிருந்து அழைப்பு வராதவர்களுக்கு அதில் பாதியைத் திருப்பித் தந்துவிடுகிறார். எங்கள் பிரிவில் மூன்று பேருக்கு அழைப்பு வரவில்லை, மூவருக்கும் கேட்காமலே பணம் திரும்பி வந்தது.

எங்கள் விசைத்தறிக் கூடத்தின் கணக்கை எழுதுபவள் நான். கூலிக்கு நெய்து கொடுக்கும் தொழில் என்பதால் ஒவ்வொரு மீட்டருக்கும் என்ன வந்தது, என்ன போனது என்று பார்த்தே பழகிவிட்டேன். அந்தப் பழக்கத்தால்தான் இந்த மதிப்புரையில் இன்னொரு செலவையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ரெட்ஃபீல்ட்ஸுக்குப் போவதற்கு முன், இணையவழியில் நடத்தப்படும் வேறொரு நேர்முகப் பயிற்சிக்கு 28,000 ரூபாய் கட்டியிருந்தோம். இரண்டு வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடை எழுதிய ஒரு தொகுப்பை அனுப்பினார்கள். அதை மனப்பாடம் செய்து திரைக்கு முன் ஒப்பிக்கச் சொன்னார்கள். புன்னகை எப்போது வர வேண்டும் என்றுகூட அதில் குறித்திருந்தது. ஏன் மருத்துவராக விரும்புகிறாய் என்ற கேள்விக்கு, சிறுவயதில் தன் பாட்டி நோயுற்றிருந்தபோது ஒரு மருத்துவர் காட்டிய அன்பு தன் மனத்தில் பதிந்துவிட்டது என்று என் மகள் சொல்லப் பழகியிருந்தாள். என் மாமியாரும் என் தாயும் இன்றுவரை நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார்கள். அதைக் கேட்டபோதே எனக்கு உறுத்தியது; ஆனால் பயிற்றுநர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை பெற்றோரையும் மாடியில் உட்கார அனுமதித்தார் மருத்துவர். எட்டுப் பேரையும் ஒருவர் பின் ஒருவராக அழைத்து அதே கேள்வியைக் கேட்டார். எட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு நோயுற்ற பாட்டி இருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஐந்தாவது பிள்ளை பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டது. மருத்துவர் யாரையும் கடிந்துகொள்ளாமல், நான்கு பக்கப் படிவம் ஒன்றை எல்லாருக்கும் கொடுத்தார். பிறந்த ஊர், பெற்றோரின் தொழில், வீட்டில் யார் சமைக்கிறார்கள், காலையில் எழுந்ததும் என்ன சத்தம் கேட்கும், கடைசியாக எப்போது பொய் சொன்னாய், உன் ஊரில் மக்களுக்கு அதிகம் வரும் நோய் எது என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. அடுத்த நாள் அந்தப் படிவத்திலிருந்துதான் வகுப்பு தொடங்கியது, ஆறு வாரமும் அதிலிருந்தே நடந்தது.

என் மகள் காலையில் கேட்கும் சத்தம் என்ற இடத்தில் தறிச்சத்தம் என்று எழுதியிருந்தாள். மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி, உங்கள் கூடத்தில் சத்தம் எத்தனை டெசிபல் இருக்கும்?" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை டெசிபல் வரை எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்று கேட்டார், அதுவும் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டார். அந்த வாரம் அவள் கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றை இறக்கி, தறிகளுக்கு நடுவே நின்று அளந்தாள். 95-க்கும் மேல் காட்டியது. இந்தியத் தொழிற்சாலை விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 90 என்பதையும் கண்டுபிடித்தாள். எங்களிடம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தறி ஓட்டும் ஓர் அண்ணனோடு உட்கார்ந்து பேசினாள். அவர் வீட்டில் தொலைக்காட்சியை எவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்பதும், தொலைபேசியில் பேரனின் பேச்சு மட்டும் தனக்கு விளங்குவதில்லை என்று அவர் வருந்துவதும் அதுவரை எனக்கே தெரியாது. எத்தனையோ ஆண்டுகளாக வாரந்தோறும் அவருக்குக் கூலி எண்ணிக் கொடுத்தவள் நான்.

அடுத்த வகுப்பில் அவள் அதைச் சொன்னபோது, மருத்துவர் அதன் பின்னே இருந்த மருத்துவத்தைத் திறந்து காட்டினார். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளில்தான் முதலில் தொடங்குகிறது. அதனால் பேச்சின் மெல்லிய மெய்யொலிகளும் குழந்தைகளின் குரலும் முதலில் மங்குகின்றன. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே தடுப்பைத் தவிர வேறு வழியில்லை. இதே இழப்பைப் பீரங்கிப் படையினரிடமும் விமானத் தளங்களில் பணிபுரிவோரிடமும் தாம் பார்த்திருப்பதாகச் சொன்னார். இராணுவ மருத்துவம் என்பது எல்லையில் குண்டு எடுப்பது மட்டுமே என்று எண்ணிக்கொண்டிருந்த என் மகளுக்கு, வேலையால் உடல் தேய்வதைக் காண்பதும் தடுப்பதும் அதன் பெரும்பகுதி என்று அன்றுதான் புரிந்தது. அதற்குப் பிறகு ஏன் இந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு அவள் தேடித் தேடிச் சொல்லத் தொடங்கினாள். வாக்கியம் திக்கியது, இலக்கணம் பிசகியது, ஆனால் பேசியது என் மகள்தான் என்று எனக்குத் தெரிந்தது. இந்தப் பயிற்சிக்கு நான் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு இந்த ஒன்றுக்கே ஈடாகிவிட்டது என்று கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

மற்றப் பிள்ளைகளிடமும் இப்படியே செய்தார். நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு பையனின் வீட்டில் முட்டைக் கோழிப் பண்ணை இருக்கிறது. கோழிகளுக்கு எந்த ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எதற்காகத் தரப்படுகின்றன என்று கேட்டு, கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை 2019-இல் இந்திய அரசு ஏன் தடை செய்தது என்பது வரை அவனையே தேடிச் சொல்ல வைத்தார். மற்ற மருந்துகள் எல்லாம் தோற்ற பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் மனிதருக்குக் கொடுக்கக் கடைசியாக வைத்திருக்கும் மருந்து அது என்று அந்தப் பையன் சொன்னபோது அவன் தந்தை எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். பல்லடம் அருகிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தாய் நூற்பாலையில் வேலை பார்த்தவர். பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோயில் வார விடுமுறைக்குப் பிந்தைய முதல் வேலை நாளில் மார்பு இறுக்கம் கூடுதலாக இருப்பது ஏன் என்பதை அவளிடம் கேட்டார். ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டிலிருந்தே மருத்துவத்துக்குள் அழைத்துச் சென்ற இந்த முறை, நூறு கேள்விக்கு நூறு விடை தரும் தொகுப்பால் ஒருநாளும் செய்ய இயலாதது.

மூன்றாம் வாரத்திலிருந்து அறநெறிச் சூழல்கள் பற்றிய வகுப்புகள் நடந்தன. இவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கூடாரத்தில் ஒரே ஒரு மருத்துவர். வெளியே இரண்டு பேர் கிடக்கிறார்கள். ஒருவர் நம் வீரர், தொடையில் காயம், இரத்தம் கட்டுப்பட்டுவிட்டது. மற்றவர் பிடிபட்ட எதிரி நாட்டு வீரர், மூச்சு அடைக்கிறது. யாரை முதலில் பார்ப்பாய்? என் மகள் தயங்காமல் நம் வீரரை என்றாள். மருத்துவர் அதைத் தவறு என்று சொல்லவில்லை. யார் முதலில் இறப்பார் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, மூச்சு அடைப்பவரை முதலில் பார்ப்பேன், ஆனால் நம் வீரரிடம் ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றாள். அதன் பிறகே அவர், 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னார்: சிகிச்சையில் முன்னுரிமை தருவதற்கு மருத்துவ அவசரம் ஒன்றே காரணமாக இருக்கலாம், காயமுற்றவர் எந்தப் பக்கத்தவர் என்பது காரணமாகக் கூடாது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே என்பவர், பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்ததையும், இன்றைய மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் நோயாளிகளை அவசரத்துக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு எனப் பிரிப்பது அதன் வளர்ச்சிதான் என்பதையும் விளக்கினார். முதலிலேயே சட்டத்தைச் சொல்லியிருந்தால் அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பாள்.

இன்னொரு நாள், வலிப்பு நோயை முதலாளியிடம் மறைத்துவிட்டு லாரி ஓட்டும் ஒருவர் மருத்துவராகிய உன்னிடம் வந்தால் என்ன செய்வாய் என்பது கேள்வி. லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாமக்கல்லிலிருந்து வந்த பையனுக்கே அது மிகவும் கடினமாக இருந்தது, ஏனெனில் அவனுக்கு அப்படிப்பட்டவர்களின் குடும்பங்கள் தெரியும். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை. ஆனால் குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால் அந்தக் கடமைக்கு விலக்கு உண்டு என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் கூறுகின்றன. முதலில் ஓட்டுநரிடமே பேசுவது, வேறு வேலைக்கு வழி தேடுவது, மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கச் செய்வது, இவையெல்லாம் பலிக்காதபோது உரியவர்களிடம் தெரிவிப்பது என்று படிப்படியாக யோசிக்க வைத்தார். ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லும் பிள்ளைகளை அவர் மிகவும் பொறுமையாக நிறுத்தினார்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புனேயில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். நம் பிள்ளைகள் ஆங்கில வழியில் படித்திருந்தாலும் பேசிப் பழகியவர்கள் அல்லர். மருத்துவர் முதல் மூன்று வாரம் ஒவ்வொரு விடையையும் முதலில் தமிழில், வீட்டில் பேசுவதுபோல் சொல்லச் சொல்லி, பிறகு அதையே சிறிய ஆங்கில வாக்கியங்களில் சொல்லச் சொன்னார். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் உடன் இருந்து, பெரிய சொற்களை எடுத்துவிட்டுச் சிறிய சொற்களை வைத்தார். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கு முகம் வாடாமல் காத்திருப்பதைத் தனிப் பாடமாகவே நடத்தினார்கள். உளவியல் தேர்வுக்கு மட்டும் பயிற்சி தர மறுத்துவிட்டார். ஒரே செய்தியை வேறு வேறு வடிவில் கேட்பார்கள், உண்மையை எழுதுங்கள், அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை என்றார். பணம் வாங்கிக்கொண்டு எதையாவது சொல்லித் தராமல் இப்படி மறுத்ததை நான் அவருடைய நேர்மையாகவே எடுத்துக்கொண்டேன்.

இராணுவ மருத்துவத்தின் வரலாற்றை அவர் பட்டியலாகப் பாடம் நடத்தவில்லை. ஏ.எஃப்.எம்.சி. 1948 மே 1-இல் தொடங்கப்பட்டது, எம்.பி.பி.எஸ். மாணவர்களை 1962-இல் சேர்க்கத் தொடங்கியது என்ற அளவில் முடித்துக்கொண்டார். நம் அமராவதிநகர் சைனிக் பள்ளியும் அதே 1962-இல் தொடங்கியதுதான் என்று போகிறபோக்கில் சொன்னதால் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு மறக்கவில்லை. ஆனால் கொரியப் போரைப் பற்றி மட்டும் ஒரு முழு மணி நேரம் பேசினார். இந்தியா அந்தப் போருக்குச் சண்டையிடும் படையை அனுப்பாமல், 1950-இல் 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. காயமுற்ற படைவீரர்களோடு கொரியக் குடிமக்களுக்கும் அந்தப் பிரிவு சிகிச்சை அளித்தது என்று அவர் சொன்னபோது, கூடாரத்துக் கேள்விக்கு என் மகள் தந்த விடை அவளுக்கே இன்னும் தெளிவானது என்று வீடு திரும்பும் ரயிலில் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்த ஒரு மாலையும் உண்டு. மாதிரி நேர்முகக் குழுவில் விருந்தினராக வந்திருந்த ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர், என் மகளிடமும் பல்லடத்துப் பெண்ணிடமும் மட்டும், திருமணமானால் பணியை விட்டுவிடுவாயா என்று கேட்டார். பையன்கள் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் நான் மருத்துவரிடம் போய், "ஏனுங்க டாக்டர், இதைப் பையன்களிடமும் கேட்டிருக்கலாமல்லவா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தற்காத்துப் பேசவில்லை. அடுத்த நாள் அதே கேள்வியை எட்டுப் பேரிடமும் கேட்டார், பையன்கள் திணறினார்கள். பெண்களிடம், 2004-இல் லெப்டினன்ட் ஜெனரல் பதவியை எட்டிய முதல் பெண்ணான புனிதா அரோரா இதே கல்லூரியில் படித்து, இதே கல்லூரிக்குத் தலைமையும் ஏற்றவர் என்பதைச் சொல்லி, எங்கேனும் அப்படிக் கேட்கப்பட்டால் சினமோ அச்சமோ இல்லாமல் எப்படி விடை சொல்வது என்று பேசிப் பழக வைத்தார். அந்த விருந்தினர் அதற்குப் பிறகு வரவில்லை. இந்தத் திருத்தத்துக்கு நான் நன்றி உடையவள். ஆனால் ஒரு தாய் போய்க் கேட்ட பிறகுதான் அது நடந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

குறைகள் வேறு இரண்டு இருக்கின்றன, இரண்டும் சிறியவை அல்ல. முதலாவது, கணினித் தேர்வு. 30 நிமிடத்தில் 40 கேள்விகள், சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறைப்பு என்பது அதன் அமைப்பு. அதாவது மொத்தம் 80 மதிப்பெண். நேர்முகத் தேர்வைவிட அதிகம். ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம்தான் கிடைக்கும் என்னும்போது, கடிகாரத்தை வைத்துத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு பயிற்சி இல்லை. ஆனால் இங்கே ஆறு வாரத்தில் இரண்டே இரண்டு நகலெடுத்த வினாத்தாள்களைக் கொடுத்து வீட்டில் எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். திருத்தித் தரவும் இல்லை. மருத்துவருக்கு மனிதரோடு பேசுவதில் உள்ள ஈடுபாடு இதில் இல்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. இதற்காக நாங்கள் வேறு புத்தகங்களை வாங்கி, சமையலறைக் கடிகாரத்தை மேசைமேல் வைத்து, நானே நேரம் பார்த்தேன். சேர விரும்புவோர் இந்தப் பகுதியை முழுவதும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிக்கொண்டு சேர்வது நல்லது.

இரண்டாவது குறை எனக்கு இன்றும் வருத்தம் தருவது. இராணுவ மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கு உடல் தகுதிக்கான வரையறைகள் உண்டு. பார்வை, நிறமறியும் திறன், உயரம், எடை, செவி என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இதைப் பற்றி ஐந்தாம் வாரத்தில்தான் பேச்சே வந்தது. எங்கள் பிரிவில் மிக நன்றாகப் பேசிய, கூச்சமே இல்லாத ஒரு பையன், கோவையில் ஒரு கண் மருத்துவரிடம் போய்ச் சோதித்தபோதுதான் தனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவதில் குறை இருப்பதை முதன்முதலில் தெரிந்துகொண்டான். பதினெட்டு வயது வரை அவனுக்கோ வீட்டாருக்கோ அது தெரிந்திருக்கவில்லை. 1917-இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வடிவமைத்த வண்ணப் புள்ளித் தகடுகளைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் ஒரு செய்தி அது. முதல் நாளிலேயே காட்டியிருந்தால் அந்தப் பையன் ஐந்து வாரம் அந்தக் கனவோடு வந்துபோயிருக்க மாட்டான். அவனுடைய தாயார் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். மருத்துவர் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

இவற்றோடு, சேர்வதற்கு முன் பெற்றோர் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு; இதை முதல் வகுப்பிலேயே மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். அங்கே கல்விக் கட்டணம் இல்லை என்பதற்காக மட்டும் பிள்ளையை அனுப்பக் கூடாது. படிப்பு முடிந்ததும் முப்படைகளின் மருத்துவப் பணியில் அலுவலராகச் சேர்ந்து பணியாற்ற வேண்டும். அதற்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பணிக்கு வர மறுத்தால் பெருந்தொகை கட்ட வேண்டியிருக்கும். எங்கே பணியிடம் என்பதை நாம் முடிவு செய்ய இயலாது. இதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் என் கணவர் பேசவில்லை. மூன்றாம் நாள், அவளுக்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம் என்றார். அந்த உரையாடல் எங்கள் வீட்டில் நடக்கக் காரணமாக இருந்ததும் இந்தப் பயிற்சிதான்.

அழைப்பு வந்ததும் குர்லா எக்ஸ்பிரஸில் நானும் அவளும் புனேக்குப் போனோம். வானவடியில் கல்லூரி வளாகத்துக்கு வெளியே காத்திருந்த பெற்றோர்களில் தமிழ் பேசியவர்கள் சிலரே. நேர்முக அறையிலிருந்து வந்தபோது அவள் முகத்தில் களைப்பு இருந்தது, பதற்றம் இல்லை. சோமனூர் எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கி, தறி, கூலி, இரைச்சல், அதைத் தடுக்க ஒரு மருத்துவர் என்ன செய்யலாம் என்பது வரை பேச்சு போனதாம். காதடைப்பான் கொடுத்தால் போடுவார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா வாங்கிக் கொடுத்தார், நூல் அறுந்தால் சத்தத்தில்தான் தெரியும் என்று யாரும் போடவில்லை, அதற்கு என்ன வழி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்று சொன்னாளாம். வேறு இரண்டு கேள்விகளுக்கும் தெரியாது என்றே சொல்லியிருக்கிறாள்.

இறுதிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. கணினித் தேர்வில் நேரம் போதவில்லை, கடைசி ஒன்பது கேள்விகளைப் படிக்கவே இல்லை என்று அவளே சொன்னாள். முப்பது இடங்களுக்கான போட்டியில் அது பெரிய இழப்பு. மாநிலக் கலந்தாய்வில் கொங்குப் பகுதியிலேயே ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து, இப்போது முதலாண்டு படிக்கிறாள். எங்கள் பிரிவிலிருந்து நாமக்கல் பையனுக்கு மட்டும் புனேயில் இடம் கிடைத்தது. எட்டில் ஒருவர் என்பதை வைத்து இந்தப் பயிற்சியை அளப்பவர்கள் அளக்கட்டும். நானும் அந்த எண்ணை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். என்னைக் கேட்டால், நேர்முகத் தேர்வுக்கான பயிற்சி என்ற அளவில் இது கொடுத்த பணத்துக்கு மேலேயே தந்தது. சேர்க்கைக்கான முழுப் பயிற்சி என்று எண்ணிச் சேர்ந்தால் ஏமாற்றம் இருக்கும்.

சென்ற மாதம் மருத்துவருக்கு இந்தக் குறைகளை எழுதி அனுப்பினேன். புதிய பிரிவில் சேரும் பிள்ளைகளுக்கு, அந்த நான்கு பக்கப் படிவத்தைக் கொடுப்பதற்கு முன்பே வண்ணத் தகடுகளைக் காட்டிவிடுவதாகவும், கணினித் தேர்வுக்கு இளைஞர் ஒருவரை நியமித்து ஞாயிறு காலையில் கடிகாரம் வைத்து எழுத வைப்பதாகவும் பதில் எழுதியிருக்கிறார். அதற்காகக் கட்டணத்தில் 1,500 ரூபாய் கூடியிருக்கிறது. நீட் முடிவு வெளியான வாரத்திலேயே இடங்கள் நிரம்பிவிடுகின்றன என்பதால், சேர நினைப்பவர்கள் முடிவுக்குக் காத்திராமல் மே மாதத்திலேயே போய்ப் பார்த்துப் பேசிவிடலாம்.